நாய் பேசிய எழுத்து

ரோவர் என்று ஒரு நாய். கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுகிறவர்களுக்குத் திரையின் ஓரத்தில் உட்கார்ந்து வழி சொல்வதுதான் அதன் வேலை. 1994-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘பாப்’ என்ற மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அந்த நாய்க்குப் பேச்சுக்குமிழியும் வரைந்து கொடுத்திருந்தார்கள். குமிழிக்குள் இருந்த வாசகம் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் இருந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக 1932-ல் வந்த எழுத்து அது. தலையங்கத்துக்கும் நாடாளுமன்றச் செய்திக்கும் பிறந்த எழுத்தில் ஒரு நாய் வாயைத் திறந்து பேசியது.

அந்த வெள்ளோட்டப் பதிப்பு வின்சென்ட் கொனேரின் பார்வைக்கு வந்தது. கொனேர் பாஸ்டனில் பிறந்தவர். ஓவியம் படித்து, எழுத்துரு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, 1993-ல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தவர். கார்ட்டூன் நாய் இப்படிப் பேசாதே என்று அவருக்கு உறுத்தியது. புது எழுத்து வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே அலுவலக அறையில் இருந்த இரண்டு காமிக்ஸ் புத்தகங்களை எடுத்துப் பிரித்தார். ஒன்று ‘வாட்ச்மென்’. டேவ் கிப்பன்ஸ் படமும் வரைந்து, வசனத்தையும் தன் கையாலேயே எழுதிய புத்தகம். இன்னொன்று ‘பேட்மேன்: தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’. அதில் வசன எழுத்து ஜான் கோஸ்டான்ஸாவுடையது.

கொனேர் அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து நகலெடுக்கவில்லை. பார்த்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு, ஃபான்டோகிராஃபர் மென்பொருளில் மவுஸைப் பிடித்து நேராகத் திரையிலேயே வரைந்தார். மனசுக்குப் பிடிக்கிற வரை அழித்து அழித்துப் போட்டார். காமிக்ஸ் வசனங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே இருக்கும். அதனால் சின்ன எழுத்துகளுக்கு அந்தப் புத்தகங்களில் பெரிதாக முன்மாதிரி கிடைக்காது. அவற்றை அவரே யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. சில வருஷம் கழித்து சிவகாசியில் ஒரு எல்.கே.ஜி. டீச்சர் கையைத் தட்டிச் சிரித்தது அந்தச் சின்ன எழுத்துகளையும் பார்த்துத்தான்.

இன்னும் கொஞ்சம் ஒழுங்காக இருக்கலாமே என்று அலுவலகத்துக்குள் பேச்சு வந்தது. ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் இதன் ஒழுங்கு என்கிற பாணியில் கொனேர் வாதாடினார். ஆனால் நாய்க்கு அந்த எழுத்து கிடைக்கவில்லை. குமிழிகளின் அளவெல்லாம் டைம்ஸுக்கு ஏற்றபடி முன்பே முடிவாகியிருந்தது. கொனேரின் எழுத்து அதைவிட அகலம், உள்ளே அடங்கவில்லை. ‘பாப்’ 1995-ல் டைம்ஸிலேயே பேசிக்கொண்டு வந்து, சீக்கிரமே மூட்டை கட்டியது. எழுத்து பிழைத்துக்கொண்டது. முதலில் ‘3டி மூவி மேக்கர்’ என்ற சிறுவர் மென்பொருளில் இடம் கிடைத்தது. பிறகு விண்டோஸ் 95-க்கான ‘பிளஸ்’ தொகுப்பு, பிறகு விண்டோஸே. 1996-ல் இணையத்துக்கென்று மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த எழுத்துருக்களிலும் அது இருந்தது. பெயர் காமிக் சான்ஸ்.

அந்தக் காலத்தில் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். இந்தக் கட்டுரையை எழுதுகிற ஆள்தான் அவன். படர்க்கையில் சொன்னால் அவனைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது என்பதால் ‘அவன்’ என்றே இருக்கட்டும்.

தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடித்து வளர்ந்த ஊர் சிவகாசி. அப்புறம் தினசரி காலண்டர், டைரி, நோட்டு அட்டை, சாமி படம், பள்ளிக்கூடப் புத்தகம் என்று தொழில் விரிந்தது. ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தின மாதங்களில் ஊரில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள். பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் அவற்றில் ஓடின. ஆங்கிலத்துக்கு விண்டோஸ் எழுத்துகள், தமிழுக்கு இளங்கோ, ஸ்ரீலிபி, வானவில் என்று சி.டி.யில் வந்தவை. கீழே ஆஃப்செட் மெஷின் ஓடினால் மேலே மேசை அதிரும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அந்த மாடி ஆர்ட்டிஸ்ட்களுடைய இடம். தலைப்பு எழுத்தெல்லாம் கையால்தான். பென்சிலில் கோடு இழுத்து, பிரஷ்ஷாலும் ரோட்ரிங் பேனாவாலும் கறுப்பு மையில் எழுதி, தப்பு விழுந்த இடத்தில் வெள்ளை போஸ்டர் கலர் தடவி, அதைக் கேமராவில் படம்பிடித்து ஃபிலிம் எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் டிஜிட்டல் காலத்திலும் தினமும் வந்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி. வேலை குறைந்துவிட்டது, ஆனால் முதலாளிக்கு அவரை அனுப்ப மனசு வரவில்லை. பிள்ளையார் படத்துக்குக் கண் வைப்பது, மங்கிய போட்டோவை ‘டச்’ பண்ணுவது என்று அவருக்கு ஏதாவது இருக்கும்.

காமிக் சான்ஸ் எப்படி இப்படிப் பரவியது என்று பின்னாளில் உலகம் முழுக்க ஆராய்ந்தார்கள். மாடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது பெரிய மர்மமாகத் தெரியவில்லை. பட்டியலைத் திறந்தால் ஆங்கில அகரவரிசையில் ஏரியலைத் தாண்டிச் சீக்கிரமே அது வந்துவிடும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கஸ்டமரின் பார்வை அங்கே நின்றுவிடும். “தம்பி, இது நல்லா இருக்கே, இதையே போடுங்க.”

இன்னொரு காரணம் தொழில்காரர்களுக்குத்தான் தெரியும். கோரல்டிரா சி.டி.யில் ஆயிரம் ஆங்கில எழுத்துருக்கு மேல் கிடந்தன, அழகழகாக. ஃபைலை ஃபிலிம் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே அந்த எழுத்து இருக்காது. ‘ஃபான்ட் மிஸ்ஸிங்’ என்று திரையில் வரும். கவனிக்காமல் ஓகே கொடுத்துவிட்டால் கூரியர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும், ஃபிலிம் காசு போச்சு. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் ‘கர்வ்’ பண்ணி அனுப்புவார்கள். கர்வ் பண்ணிவிட்டால் எழுத்து வெறும் படமாகிவிடும், பிறகு ஒரு ஸ்பெல்லிங் திருத்தக்கூட வழியில்லை. காமிக் சான்ஸுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பிரவுசிங் சென்டர், பள்ளிக்கூட ஆபீஸ், ஃபிலிம் போடுகிற இடம், கஸ்டமரின் மச்சான் வீடு என்று விண்டோஸ் இருக்கிற இடமெல்லாம் அது இருந்தது. எங்கும் இருப்பதுதான் அதன் முதல் தகுதி. அழகெல்லாம் அப்புறம்.

1990களின் கடைசியில் இங்கிலீஷ் மீடியம் நர்சரிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. ரைம்ஸ் புத்தகம், எழுத்துப் பயிற்சி ஏடு, ஸ்கூல் டைரி என்று எல்லாம் சிவகாசிக்குத்தான் வரும். அப்படி ஒரு பள்ளியின் எல்.கே.ஜி. புத்தகம் ப்ரூஃபுக்கு வந்திருந்தது. எழுத்து டைம்ஸ். அதைத் திருத்த வந்த டீச்சர் முதல் பக்கத்திலேயே பேனாவை வைத்துவிட்டார்.

“தம்பி, ஆப்பிள் படத்துக்குக் கீழே இருக்கிற இந்த ‘ஏ’ எந்த ஊரு ‘ஏ’? நான் போர்டுல எழுதுறது இது இல்லையே.”

அவன் அதுவரை அதைக் கவனித்ததில்லை. ஆங்கிலச் சின்ன ‘ஏ’ அச்சில் ஒரு மாதிரி, கையில் ஒரு மாதிரி. அச்சில் உருண்டைக்கு மேலே ஒரு கொக்கி வளைந்து கூரை போட்டிருக்கும். கையால் எழுதும்போது ஓர் உருண்டை, அதை ஒட்டி இறங்குகிற ஒரு கோடு, அவ்வளவுதான். சின்ன ‘ஜி’யும் அப்படியே. டைம்ஸில் அது மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், காதில் ஒரு துளி என்று நகை மாதிரி இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே எழுத்து என்று புரியவைக்க முடியாது, புரியவைக்கவும் வேண்டாம் என்பது டீச்சரின் கட்சி.

ஏரியலைக் காட்டினான். அதிலும் ‘ஏ’க்குக் கூரை இருந்தது. செஞ்சுரி காத்திக் காட்டினான். அதில் கூரை இல்லை, காம்பஸ் வைத்து இழுத்த உருண்டையும் ஸ்கேல் வைத்து இழுத்த கோடும்தான். டீச்சர் சம்மதிக்கப் போனார். ‘ஐ ஃபார் இங்க்’ பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். செஞ்சுரி காத்திக்கில் பெரிய ‘ஐ’ வெறும் குச்சி, சின்ன ‘எல்’லும் வெறும் குச்சி. “ஐ-னு சொல்லிட்டுக் குச்சியைக் காட்டினா பிள்ளைங்க ஒண்ணுன்னு படிக்கும்” என்றார். அதற்கப்புறம்தான் காமிக் சான்ஸ் வந்தது. ‘ஏ’ உருண்டையும் கோடுமாக நின்றது. ‘ஜி’க்குக் கீழே கொக்கி மட்டும். பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் கோடு போட்டிருந்தது. ‘எல்’ தனிக் கோடு, ‘1’க்குத் தலையில் சாய்வு. சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றை அப்படியே கண்ணாடியில் திருப்பிப் போட்டதுபோல இல்லாமல் கொஞ்சம் வித்தியாசப்பட்டிருந்தன. டீச்சர் கையைத் தட்டிச் சிரித்தது அப்போதுதான்.

வடிவமைப்பு பற்றிப் பின்னால் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறான். அந்த டீச்சர் ப்ரூஃப் பார்த்த மாதிரி எழுத்தை எழுத்தாகப் பார்த்தவர்கள் குறைவு. அவருக்கு எழுத்துருவின் பெயர் தெரியாது, கடைசி வரை கேட்கவும் இல்லை.

கீழே ஆஃப்செட்டில் அந்தப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னது இன்றைக்கும் அவன் காதில் இருக்கிறது. “கையால எழுதின மாதிரி செஞ்சிருக்கான் சரி. எல்லா ‘ஈ’யும் ஒரே மாதிரி கோணியிருக்கே, பாத்தியா? கை ஒரு தடவை கோணும், அடுத்த தடவை நேரா வரும். ஒரே மாதிரி கோணினா அது கை இல்ல தம்பி, ரப்பர் ஸ்டாம்பு.”

காமிக் சான்ஸைப் பற்றிச் சொல்லப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. எந்தக் கையெழுத்திலிருந்து அந்த எழுத்துக்கு ஊக்கம் கிடைத்ததோ அந்த டேவ் கிப்பன்ஸுக்கே பின்னாளில் அது பிடிக்கவில்லை. கையால் வசனம் எழுதுகிறவர் ஒரு வார்த்தையைக் கொஞ்சம் நெருக்குவார், அடுத்ததைத் தளர்த்துவார், கத்துகிற இடத்தில் அழுத்துவார். அவ்வளவையும் ஒரே ஒரு ‘ஈ’யில் அடைத்து ஆயிரம் தடவை குத்தினால் உயிர் போய்விடும். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றிப் போடுகிற வசதி இன்றைய எழுத்துருக்களில் இருக்கிறது. 1994-ன் எழுத்துக்கு அது வாய்க்கவில்லை.

அச்சில் இன்னொரு சங்கடமும் உண்டு. காமிக் சான்ஸ் அன்றைய மங்கலான மானிட்டருக்காகச் செய்யப்பட்டது. புள்ளி புள்ளியாகத் தெரிகிற திரையில் ஒவ்வொரு புள்ளியும் சரியான இடத்தில் விழும்படி உள்ளே பக்குவம் செய்திருந்தார்கள். அதனால் திரையில் சின்ன அளவில்கூடத் தெளிவாக இருந்தது. அதே எழுத்தை அங்குலத்துக்கு 2,400 புள்ளி போடுகிற ஃபிலிம் மெஷினுக்கு அனுப்பினால் மானிட்டர் மறைத்துவைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். கோடு எங்கும் ஒரே தடிமன் என்பதால் இரண்டு கோடு சேரும் மூலைகளில் கறுப்பு திரண்டு நிற்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி ஓரிடத்தில் அகன்று, ஓரிடத்தில் நெருங்கும். பெரிய தலைப்பாகப் போட்டால் இன்னும் மோசம். இருபது புள்ளி அளவுக்குள், நாலைந்து வார்த்தைக்குள், குழந்தைகளுக்கான தாளில் வைத்துக்கொண்டால் அது தன் வேலையைச் சரியாகச் செய்யும். அதற்கு மேல் இழுத்தால் கோளாறுதான்.

இழுத்தார்கள். பிறந்தநாள் அழைப்பு, பேக்கரி மெனு, டியூஷன் சென்டர் நோட்டீஸ் வரைக்கும் சரி. அப்புறம் பல் டாக்டரின் சீட்டு வந்தது. பரிசோதனைக்கூட ரிப்போர்ட் கவர் வந்தது. ஒருநாள் கருமாதிப் பத்திரிகை வந்தது. தமிழ் வாசகம் கறுப்புக் கட்டத்துக்குள் தலை குனிந்து நிற்க, மேலே ஆங்கிலத்தில் இருந்த இரங்கல் வரி மட்டும் காமிக் சான்ஸில் துள்ளிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் பிரவுசிங் சென்டரில் அடித்துக்கொண்டு வந்த ஃபைல் அது. அவன் ஒன்றும் சொல்லாமல் அந்த வரியை டைம்ஸுக்கு மாற்றிக் கொடுத்தான். யாரும் கவனிக்கவில்லை. எழுத்துரு மாறியதை யாரும் கவனிக்காமல் இருப்பதுதான் பல இடங்களில் அந்த வேலையின் வெற்றி.

அமெரிக்காவில் இதே எரிச்சல் இயக்கமாகவே மாறியது. இண்டியானாபோலிஸில் டேவ் கோம்ப்ஸ், ஹோலி என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள். குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றின் கண்காட்சி வேலையில் ஹோலிக்குக் காமிக் சான்ஸைத்தான் போட வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை. அந்தக் கடுப்பில் ‘காமிக் சான்ஸைத் தடை செய்’ என்று இருவரும் ஸ்டிக்கர் அடித்து ஒட்ட ஆரம்பித்தார்கள். வேடிக்கையாகத் தொடங்கியது உலகம் சுற்றியது. ஒரு கோணத்தில் பார்த்தால் அவர்கள் கோபப்பட்டது குழந்தைகளுக்கான இடத்தில் குழந்தைகளுக்கான எழுத்தைப் போட்டதற்குத்தான். அந்த எல்.கே.ஜி. டீச்சர் அங்கே இருந்திருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

இயக்கத்துக்குத் தீனி போடுகிற மாதிரி பெரிய மனிதர்களும் நடந்துகொண்டார்கள். 2010 ஜூலையில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் அணியை விட்டு மயாமிக்குப் போனபோது, அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். துரோகம், கோழைத்தனம் என்று பொரிந்து தள்ளியிருந்தார், காமிக் சான்ஸில். படித்தவர்கள் கோபத்தை மறந்து எழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். திட்டுவதற்கு அந்த எழுத்து உதவாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2013-ல் பதினாறாம் பெனடிக்ட் போப் பதவியிலிருந்து விலகியபோது வாடிகன் வெளியிட்ட படத்தொகுப்பிலும் இதே எழுத்து.

2012 ஜூலை 4 கதை வேறு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் போன்ற துகள் கண்டறியப்பட்டதை அறிவித்த நாள். அட்லஸ் குழுவின் சார்பில் பேசிய ஃபேபியோலா ஜனோட்டியின் ஸ்லைடுகள் முழுக்கக் காமிக் சான்ஸ். பல பத்தாண்டுகள் தேடிய துகள் கிடைத்த அன்று இணையத்தில் பாதிப் பேர் எழுத்துருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜனோட்டி அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2016-ல் அவர் செர்னின் தலைமை இயக்குநரானார். 2014 ஏப்ரல் 1 அன்று, இனி எல்லாமே காமிக் சான்ஸில்தான் என்று செர்ன் தன் இணையதளத்தையே மாற்றி வைத்து விளையாடியது. இந்த விஷயத்தில் கட்டுரையாளர் ஜனோட்டி பக்கம். சக விஞ்ஞானிகளுக்குப் பாடம் சொல்கிற ஸ்லைடில் ஆசிரியை போர்டில் எழுதுகிற மாதிரியான எழுத்து இருந்தால் என்ன குறைந்துவிட்டது?

சிவகாசிக்குத் திரும்பலாம். அந்த நர்சரிப் புத்தகத்துக்குப் பின்னால் வந்த வேலையில்தான் அவனுக்குத் தமிழின் சங்கடம் பிடிபட்டது. அதே பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழ். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். ஆங்கிலம் காமிக் சான்ஸில் குதித்துக்கொண்டு கூப்பிட்டது. தமிழோ கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரே அழைப்பிதழில் ஆங்கிலத்தில் பிள்ளை பேசியது, தமிழில் தாசில்தார் பேசினார். அவன் கையிலிருந்த சி.டி.க்களை எல்லாம் புரட்டினான். கல்யாணப் பத்திரிகைக்கு வளைவு நெளிவு இருந்தது, சினிமா போஸ்டருக்குத் தடித்த எழுத்து இருந்தது, புத்தகத்துக்குப் பாங்கான எழுத்து இருந்தது. சாதாரணமாக, பக்கத்து வீட்டு அக்கா பேப்பரில் எழுதிக் கொடுத்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லை. விண்டோஸிலும் வழியில்லை. விண்டோஸ் 2000-ல்தான் லதா என்ற தமிழ் எழுத்துரு உள்ளேயே வைத்து வந்தது. அதுவும் ஆபீஸ் எழுத்துதான்.

கடைசியில் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சியிடம் போனான். “அண்ணாச்சி, ‘மழலையர் பள்ளி ஆண்டு விழா’ன்னு வெளையாட்டா எழுதித் தாங்க.” அவர் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தன் எழுத்து கேட்கிறான். பழைய பிரஷ்ஷைத் தேடியெடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒன்றுக்கு நாலாக எழுதித் தந்தார். ‘ழ’வின் வால் கீழே சுழன்று போய் ஒரு பந்தைப் பிடித்திருந்தது. ‘வி’யின் விசிறி பட்டம் மாதிரி மேலே ஏறியது. நாலிலும் ஒரு ‘ஆ’வைப் போல இன்னொரு ‘ஆ’ இல்லை. ஸ்கேன் செய்து வைத்ததும் அழைப்பிதழின் இரண்டு பாதியும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தன.

ப்ரூஃப் பார்க்க வந்த டீச்சர் ரசித்தார். அப்புறம் ‘மழலையர்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். அண்ணாச்சி அங்கே பழைய துதிக்கை ‘லை’ போட்டிருந்தார். 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ‘ணை, லை, ளை, னை’ நான்குக்கும் துதிக்கை போய், மற்ற எழுத்துகளைப் போல முன்னால் இரட்டைச் சுழி வந்துவிட்டது. ‘ணா, றா, னா’வும் அப்படியே மாறின. அண்ணாச்சி எழுதப் படித்தது அதற்கு ரொம்ப முன்னால். கைக்குத் தெரிந்தது துதிக்கைதான்.

“அழகா இருக்கு அண்ணாச்சி. ஆனா எங்க பிள்ளைங்க புத்தகத்துல இந்த எழுத்து இல்லையே. பெத்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்னு நாங்க அழைப்பிதழைப் பிள்ளைங்க கையிலதான் கொடுத்து விடுவோம்.”

“துதிக்கை இல்லாம என்னம்மா யானை?” என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணாச்சி திருத்தி எழுதிக் கொடுத்தார். திருத்திய ‘லை’ மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது. அப்படியே அச்சாகிப் போனது.

கையெழுத்து போன்ற எழுத்துருவுக்கு இதுதான் பெரிய சோதனை என்று அவனுக்குத் தோன்றியது. யார் கை, எந்த வயதுக் கை, படிக்கிறவர் எழுதப் பழகிய கையோடு அது ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். புத்தக எழுத்துக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. எல்லோருக்கும் பொதுவான அச்சு முகம் அது. பேசுகிற எழுத்தில் பேசுகிறவர் தெரிந்துவிடுவார்.

காமிக் சான்ஸுக்குப் பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு எப்படிப்பட்ட எழுத்தைப் போடலாம் என்று பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதில் ஏரியலோடு சேர்த்துக் காமிக் சான்ஸையும் பரிந்துரைக்கிறார்கள். ட்ரெபுஷேயும் அந்தப் பட்டியலில் உண்டு, அதுவும் கொனேர் செய்ததுதான். கேலி செய்கிற வடிவமைப்பாளர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என்பது சந்தேகம். படிக்கக் கடினமான எழுத்தில் கொடுத்தால் பாடம் நன்றாக நினைவில் நிற்கிறது என்று 2011-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் அந்தக் ‘கடினமான’ எழுத்துகளில் ஒன்றாக மங்கலான காமிக் சான்ஸ் இருந்தது. பின்னால் வந்த சோதனைகளில் அந்த முடிவு உறுதிப்படவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கொனேர் 1999 வாக்கில் மைக்ரோசாஃப்டை விட்டு விலகி, பின்னாளில் லண்டனில் எழுத்துரு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். காமிக் சான்ஸை நேசிக்கிறவர், வெறுக்கிறவர் இருவரையும் அவர் ஒரே மாதிரி நக்கலடிப்பார். இருவருக்கும் எழுத்துக்கலை தெரியாது என்பது அவர் கட்சி. தன் எழுத்தைத் தான் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தியதாகவும் சொல்லியிருக்கிறார். பிராட்பேண்ட் இணைப்பு மாற்றுவதில் தகராறு வந்து, நிறுவனத்துக்குக் காமிக் சான்ஸில் புகார்க் கடிதம் எழுதினாராம், பத்து பவுண்டு திரும்பக் கிடைத்ததாம். கில்பர்ட்டுக்குப் பலிக்காத எழுத்து பெற்றவருக்குப் பலித்திருக்கிறது.

2014-ல் ஆஸ்திரேலியரான கிரெய்க் ரோஸின்ஸ்கி, காமிக் சான்ஸின் கோணல்களைச் சீவிச் சரிசெய்து ‘காமிக் நியூ’ என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டார். பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் தலை வாரிப் பவுடர் போட்ட அந்த எழுத்தில் பழைய குறும்பு இல்லை என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

தமிழில் அன்று காலியாக இருந்த இடம் இன்று காலியாக இல்லை. மும்பையின் ஏக் டைப் குழுவினர் பல இந்திய மொழிகளுக்குச் செய்த ‘பாலூ’ வரிசையில் தமிழுக்குப் பெயர் ‘பாலூ தம்பி’. கொழுகொழுவென்று உருண்ட எழுத்து, நர்சரி சுவருக்கும் பிஸ்கட் கவருக்கும் பொருந்தும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவனார்’ சாய்ந்த கையெழுத்துச் சாயலில் வருகிறது, வாழ்த்து அட்டைக்கு எடுத்துப் போடலாம். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், யூனிகோடு, எந்த மெஷினிலும் இறக்கிக்கொள்ளலாம். ‘ஃபான்ட் மிஸ்ஸிங்’ பயம் இல்லை. அண்ணாச்சி இருந்திருந்தால் எல்லா ‘ஆ’வும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். அது வேறு விஷயம்.

குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். துள்ளலான தமிழ் எழுத்துகள் இப்போது நிறையக் கிடைப்பதால் அட்டைக்குப் போட்ட அதே எழுத்தை உள்ளே பாடத்துக்கும் போடுகிற பழக்கம் வந்திருக்கிறது. போடும் முன் ஒரே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அதில் துணைக்காலையும் ‘ர’வையும் பக்கத்தில் வையுங்கள், ‘ர’வின் காலில் இருக்கிற சாய்வு தெரிகிறதா என்று பாருங்கள். ‘எ, ஏ’ வையுங்கள், ஏகாரத்தின் கீழ்க்கோடு தடித்த எழுத்துக்குள் காணாமல் போகிறதா என்று பாருங்கள். ‘ஒ, ஓ’, ‘ன, ண’, ‘ல, வ’ எல்லாம் வையுங்கள். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். புத்தகத்துக்கு வாங்கியிருக்கிற அதே தாளில், அதே அளவில் அடித்து, ஒன்றாம் வகுப்பு எடுக்கிற ஒரு டீச்சரிடம் சிவப்புப் பேனாவோடு கொடுங்கள். அவர் சுழித்துத் தருகிற எழுத்துகளைப் பார்த்துவிட்டு அப்புறம் பிளேட் போடச் சொல்லுங்கள்.